நாயகன் மாறிய பிறகும் பாண்ட் எப்படித் தொடர்ந்தது? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு நடிகரின் முகத்தோடு ஒட்டிப்போன கதாபாத்திரத்தை இன்னொருவரிடம் கொடுப்பது பற்றி யார் பேச்செடுத்தாலும் அது ஜேம்ஸ் பாண்டில்தான் வந்து நிற்கும். 1962 முதல் 2021 வரை ஈயான் நிறுவனம் எடுத்த 25 படங்களில் ஆறு பேர் பாண்டாக நடித்திருக்கிறார்கள். ஏழாவது ஆள் யார் என்ற பேச்சு வரும்போதெல்லாம் கூடவே வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். படங்களின் முடிவு வரைக்கும் பேசியிருப்பதால், 'கேசினோ ராயல்' பார்க்காதவர்கள் முதலில் அதைப் பார்த்துவிட்டு வருவது நல்லது.

நாயகன் மாறினாலே அதை ரீபூட் (பழைய கதையை விட்டுவிட்டு முதலிலிருந்து தொடங்குவது) என்று சொல்லிவிடலாமா?

சொல்ல முடியாது. ஆள் மாறியும் கதை அப்படியே தொடரலாம். 1981 இல் வந்த 'ஃபார் யுவர் ஐஸ் ஒன்லி' படத்தின் தொடக்கத்தில் ரோஜர் மூர் தன் மனைவியின் கல்லறைக்குப் பூ கொண்டுபோகிறார். அந்த மனைவி இறந்தது 1969 படத்தில். அப்போது பாண்டாக இருந்தவர் ஜார்ஜ் லேசன்பி. முகம் மாறிவிட்டது, துக்கம் மட்டும் அப்படியே இருக்கிறது. வயதுக் கணக்கைப் பெரிதாகத் தோண்டாமல் விட்டால், 1962 முதல் 2002 வரை ஐந்து நடிகர்கள் நடித்தது ஒரே ஆளின் வாழ்க்கையைத்தான்.

2006 இல் டேனியல் கிரெய்க் நடித்து வந்த 'கேசினோ ராயல்'தான் அதையெல்லாம் மூடிவைத்துவிட்டு, பாண்டுக்கு 007 என்ற எண் கிடைத்த நாளிலிருந்து ஆரம்பித்தது. ரீபூட் என்று கறாராகச் சொல்ல வேண்டுமானால் இது ஒன்றுதான். ஆனால் 1969 இலும் 1973 இலும் நடந்ததைப் பார்க்காமல் 2006 ஏன் ஜெயித்தது என்பது புரியாது.

முதலில் ஷான் கானரி ஏன் போனார்?

அலுப்பு. 1962 இல் 'டாக்டர் நோ', பிறகு வரிசையாக 'ஃப்ரம் ரஷ்யா வித் லவ்', 'கோல்ட்ஃபிங்கர்', 'தண்டர்பால்' என்று நான்கே வருடத்தில் நான்கு படம். ஐந்தாவதான 'யூ ஒன்லி லிவ் ட்வைஸ்' படப்பிடிப்புக்கு ஜப்பான் போனபோது பத்திரிகைப் புகைப்படக்காரர்கள் அவரைக் கழிவறையில்கூட விடவில்லை. சம்பள விஷயத்தில் தயாரிப்பாளர்கள் ஆல்பர்ட் ப்ரக்கோலி, ஹாரி சால்ட்ஸ்மன் இருவர் மீதும் அவருக்கு மனக்கசப்பு இருந்தது. அந்தப் படம் 1967 இல் வெளிவருவதற்கு முன்பே இதோடு போதும் என்று அறிவித்துவிட்டார்.

நடிப்பு அனுபவமே இல்லாத லேசன்பியை எப்படித் தேர்ந்தெடுத்தார்கள்?

ஆஸ்திரேலியாவில் கார் விற்றுக்கொண்டிருந்த இளைஞர், லண்டனுக்கு வந்து மாடல் ஆனார். பிரிட்டன் டிவியில் ஒரு சாக்லேட் விளம்பரத்தில் பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு வருவார், அந்த முகம் மக்களுக்குத் தெரியும். பாண்ட் வாய்ப்பு இருக்கிறது என்று கேள்விப்பட்டதும் அவர் செய்த ஏற்பாட்டைக் கவனியுங்கள். கானரி முடிவெட்டிக்கொண்ட இடத்தில் போய் அதே மாதிரி வெட்டிக்கொண்டார். கானரிக்காகத் தைத்து அவர் வாங்காமல் விட்ட கோட்டு சூட்டை விலைக்கு வாங்கினார். ஒரு ரோலெக்ஸ் கடிகாரமும் கட்டிக்கொண்டார். அப்படியே போய் சால்ட்ஸ்மன் முன்னால் நின்று, எங்கெங்கோ நடித்திருப்பதாக அளந்துவிட்டார். பிறகு இயக்குநர் பீட்டர் ஹன்ட்டிடம் தான் எதிலும் நடித்ததில்லை என்று ஒப்புக்கொண்டபோது அவர் விழுந்து விழுந்து சிரித்தாராம், இதைப் பின்னாளில் லேசன்பியே சொல்லியிருக்கிறார். சோதனைப் படப்பிடிப்பில் ஒரு சண்டைக் காட்சி வைத்தார்கள். எதிரில் நின்ற ஸ்டன்ட் நடிகரின் மூக்கில் அடி நிஜமாகவே விழுந்துவிட்டது. அதைப் பார்த்த பிறகு தயாரிப்பாளர்களுக்குச் சந்தேகம் போய்விட்டது.

இதில் ஒரு பெரிய சிக்கல் ஒளிந்திருக்கிறது. அவர்கள் தேடியது புதிய பாண்டை அல்ல. கானரி மாதிரி நடக்கிற, கானரி மாதிரி அடிக்கிற ஒருவரைத் தேடினார்கள். அந்தத் தயக்கம் படம் முழுக்கத் தெரிகிறது.

'ஆன் ஹர் மெஜஸ்டிஸ் சீக்ரெட் சர்வீஸ்' படத்தில் அது எங்கே தெரிகிறது?

முதல் காட்சியிலேயே. போர்ச்சுகல் கடற்கரைச் சாலையில் ஆஸ்டன் மார்ட்டின் கார் ஓடுகிறது. ஓட்டுபவர் முகம் தெரியாது. தொப்பி, கை, சிகரெட் பற்றவைக்கும்போது ஒரு துளி வெளிச்சம், அவ்வளவுதான். கடலில் இறங்கிச் சாகப் போகும் பெண்ணை ஓடிப்போய்க் காப்பாற்றுகிறார். அப்போதுதான் முகத்தைக் காட்டி, பெயர் சொல்கிறார். இதுவரை அற்புதமான அறிமுகம். அடுத்து ஒரு சண்டை. அது முடிவதற்குள் அந்தப் பெண் காரில் ஏறிப் போய்விட, லேசன்பி கேமரா பக்கம் திரும்பி, "இதெல்லாம் அந்த இன்னொரு ஆளுக்கு நடந்ததே இல்லை" என்கிறார். தியேட்டரில் சிரிப்பு வந்திருக்கும். ஆனால் கானரி ஞாபகத்தைப் படமே கிளறிவிட்டது.

அப்புறம் டைட்டில் ஓடும்போது பழைய ஐந்து படங்களின் துண்டுகள். வேலையை விடுவதாகச் சொல்லிவிட்டு வந்து பாண்ட் தன் மேசை இழுப்பறையைத் திறந்தால் 'டாக்டர் நோ' நாயகியின் கத்தி, அடுத்த படத்து வில்லனின் கம்பி வைத்த கடிகாரம், 'தண்டர்பால்' படத்தின் குட்டி மூச்சுக்கருவி என்று ஒவ்வொன்றாக எடுக்கிறார், ஒவ்வொன்றுக்கும் அந்தந்தப் படத்து இசை. ஒரு துப்புரவுப் பணியாளர் 'கோல்ட்ஃபிங்கர்' மெட்டைச் சீட்டியடித்துக்கொண்டு போகிறார். இவர்தான் அவர், நம்புங்கள் என்று இத்தனை முறை சொன்னால் பார்ப்பவருக்குச் சந்தேகம்தான் வரும். இவ்வளவு கவனமாகச் சாட்சி சேர்த்தவர்கள் ஒன்றைக் கோட்டைவிட்டார்கள். முந்தைய படத்தில் நேருக்கு நேர் பார்த்துக்கொண்ட பாண்டும் வில்லன் ப்ளோஃபெல்டும் இதில் ஒருவரை ஒருவர் அடையாளம் தெரியாமல் பேசிக்கொண்டிருக்கிறார்கள்!

அப்படியானால் அது மோசமான படமா? தோல்விப் படம் என்கிறார்களே?

இரண்டும் இல்லை. பாண்ட் படங்களில் எனக்கு மிகவும் பிடித்தவற்றில் இது ஒன்று, இதைத் தயங்காமல் சொல்வேன். வசூல் முந்தைய கானரி படத்தை விடக் குறைந்தது உண்மை, ஆனால் நஷ்டம் இல்லை. பீட்டர் ஹன்ட் அதுவரை இந்த வரிசைக்கு எடிட்டராக இருந்தவர். இயான் ஃப்ளெமிங் எழுதிய நாவலை விட்டு அதிகம் விலகாமல் எடுத்தார். சுவிட்சர்லாந்தில் ஷில்ட்ஹார்ன் மலை உச்சியில் இருக்கும் சுழலும் உணவகம்தான் வில்லனின் கோட்டை. கட்டி முடியாமல் இருந்த அந்த இடத்துக்குப் படக்குழுவே பணம் போட்டு வேலையை முடிக்க உதவியது.

டயானா ரிக் நடித்த ட்ரேசியைப் பாண்ட் கல்யாணம் செய்துகொள்கிறார். சாலையோரம் காரை நிறுத்தி, மேலே ஒட்டியிருந்த பூக்களை எடுத்துப் போடுகிறார். அந்த வழியாக வரும் காரிலிருந்து துப்பாக்கிச் சூடு. ட்ரேசி இறந்துகிடக்கிறாள். விசாரிக்க வந்த போலீஸ்காரரிடம், அவள் கொஞ்சம் ஓய்வெடுக்கிறாள், அவசரம் ஒன்றும் இல்லை என்கிறார் பாண்ட். நடிப்புப் பயிற்சியே இல்லாத ஒருவர் அந்த வரியைக் குரல் உயர்த்தாமல் சொல்லியிருக்கிறார். கானரியின் பாண்டிடம் இந்தக் காட்சியைக் கற்பனை செய்ய என்னால் முடியவில்லை. அந்தப் பாண்டை எதுவும் இப்படி உடைத்திருக்காது. நாயகன் மாறியதால்தான் இந்தப் படம் அங்கே போக முடிந்தது.

பிறகு ஏன் லேசன்பி ஒரே படத்தோடு நின்றுவிட்டார்?

அவரேதான் விலகினார். ஹிப்பி காலத்தில் கோட்டு சூட்டு போட்ட உளவாளி எடுபட மாட்டான் என்று அவருக்கு ஆலோசனை சொன்னவர் ரோனன் ஓ'ராஹிலி. கடலில் கப்பலை நிறுத்தி ரேடியோ கேரலைன் நடத்தியவர் இவர். படத்தின் பிரீமியர் காட்சிக்கே லேசன்பி நீள முடியும் தாடியுமாக வந்து நின்றார்.

கானரியைத் திரும்பக் கூப்பிட்டது சரியான முடிவுதானா?

வியாபாரத்துக்குச் சரி, கதைக்குத் தவறு. 1971 இல் வந்த 'டயமண்ட்ஸ் ஆர் ஃபாரெவர்' படத்துக்காக அவருக்குக் கொடுத்தது 12.5 லட்சம் டாலர், அந்தக் காலத்தில் மலைக்க வைக்கும் தொகை. அதைக் கானரி ஸ்காட்லாந்தில் கல்விக்காக அமைத்த அறக்கட்டளைக்குக் கொடுத்துவிட்டார். அவருக்கு முன்பே ஒப்பந்தம் போட்டிருந்த அமெரிக்க நடிகர் ஜான் கேவினுக்கும் பணத்தைக் கொடுத்து அனுப்பிவைத்தார்கள். படம் நன்றாக ஓடியது.

ஆனால் ட்ரேசியின் பெயர்கூடப் படத்தில் வரவில்லை. ஆரம்பத்தில் பாண்ட் ப்ளோஃபெல்டைத் தேடி அலைகிறார். ஏன் இவ்வளவு கோபம் என்று முந்தைய படம் பார்த்தவர்களாக யூகித்துக்கொள்ள வேண்டும். பழைய நாயகன் வந்துவிட்டார், நடுவில் நடந்ததை மறந்துவிடுங்கள் என்பதுபோல் ஆகிவிட்டது. பழைய நட்சத்திரத்தைத் திரும்ப அழைக்கும்போது அவர் இல்லாத நேரத்தில் கதை சம்பாதித்ததைத் தூக்கி எறியக் கூடாது.

ரோஜர் மூர் மட்டும் எப்படி நிலைத்தார்? கானரியை விட மூத்தவர் என்கிறார்களே?

ஆமாம், மூர் பிறந்தது 1927, கானரி 1930. 'தி செயின்ட்' டிவி தொடரால் மூரை ஏற்கெனவே ஊருக்கே தெரியும். அதனால் அவரைக் கானரியாகக் காட்டும் ஆசை யாருக்கும் வரவில்லை. இதுதான் பெரிய வித்தியாசம்.

1973 இல் 'லிவ் அண்ட் லெட் டை' எடுத்தபோது கானரியை ஞாபகப்படுத்தும் விஷயங்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டார்கள். வோட்கா மார்ட்டினி கேட்கும் காட்சி இல்லை, போர்பன் விஸ்கி குடிக்கிறார். சிகரெட் போய் சுருட்டு வந்தது. பாண்டின் மேலதிகாரி எம், அவர் அறையில் நடக்கும் வழக்கமான சந்திப்பு இல்லை. அதற்குப் பதில் விடியற்காலையில் எம் பாண்டின் வீட்டுக்கே வந்து கதவைத் தட்டுகிறார். உள்ளே ஒரு பெண்ணை ஒளித்துவைத்துவிட்டு, பாண்ட் இயந்திரத்தில் புஸ்ஸென்று ஆவி விட்டு எம்முக்குக் காபி போட்டுத் தருகிறார். இப்படி ஒரு காட்சியை கானரிக்கு யாரும் எழுதியிருக்க மாட்டார்கள். மூர் அதில் எவ்வளவு இலகுவாக இருக்கிறார் என்று பாருங்கள். கருவிகள் தரும் க்யூ படத்திலேயே கிடையாது. இசைகூட வழக்கமான இசையமைப்பாளர் ஜான் பேரி இல்லை. பீட்டில்ஸ் பாடல்களைத் தயாரித்த ஜார்ஜ் மார்ட்டின் இசையமைத்தார், டைட்டில் பாட்டைப் பால் மெக்கார்ட்னி பாடினார்.

யாரும் கானரியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவருடைய பழக்கங்களும் இல்லை. ஒப்பிட்டுப் பார்க்க எதையும் கொடுக்காததால் மூருக்கு மூச்சுவிட இடம் கிடைத்தது. படம் 'டயமண்ட்ஸ் ஆர் ஃபாரெவர்' படத்தை விட அதிகம் வசூலித்தது. மார்ட்டினி, க்யூ எல்லாம் அடுத்தடுத்த படங்களில் மெதுவாகத் திரும்பி வந்தன. மூர் தன் முழு உயரத்துக்கு வந்தது 1977 இல் வந்த 'தி ஸ்பை ஹூ லவ்ட் மீ' படத்தில். பனிச்சறுக்கில் வந்து மலை விளிம்பிலிருந்து குதித்து, வெகுநேரம் சத்தமே இல்லாமல் விழுந்துகொண்டே இருந்து, கடைசியில் பிரிட்டன் கொடி போட்ட பாராசூட் விரியும். மொத்தம் ஏழு படங்கள், 1985 வரை.

இத்தனை மாறினால் பார்ப்பவர் எதைப் பிடித்துக்கொள்வார்?

சுற்றியிருக்கும் மனிதர்களை. எம் ஆக பெர்னார்ட் லீ 11 படம், எம்மின் செயலாளர் மிஸ் மணிபென்னியாக லோயிஸ் மேக்ஸ்வெல் 14 படம், க்யூ ஆக டெஸ்மண்ட் லூவெலின் 17 படம். நாயகன் மாறினாலும் அலுவலகம் மாறவில்லை. மணிபென்னி புதியவரையும் அதே பார்வை பார்க்கிறாள் என்றால் நாமும் ஏற்றுக்கொள்கிறோம்.

இன்னொன்று அந்த இசை. உதய்ப்பூரில் எடுத்த 'ஆக்டோபுஸி' (1983) படத்தில் நம்ம சென்னை டென்னிஸ் வீரர் விஜய் அமிர்தராஜ், விஜய் என்ற பெயரிலேயே நடித்தார். பாம்பாட்டி வேடத்தில் உட்கார்ந்து மகுடி ஊதுவார். கூட்டத்தில் பாண்ட் தன்னை அடையாளம் கண்டுகொள்வதற்காக அவர் ஊதுவது பாண்ட் படத்தின் மெட்டையேதான். யார் நடித்தாலும் அந்த மெட்டு வந்தால் அது பாண்ட் என்பதைப் படமே ஒத்துக்கொள்ளும் இடம் அது.

அதே 1983 இல் கானரியும் பாண்டாக நடித்தாரே?

நடித்தார். 'நெவர் சே நெவர் அகெய்ன்'. 'தண்டர்பால்' கதை உரிமை அதை ஃப்ளெமிங்கோடு சேர்ந்து உருவாக்கிய கெவின் மெக்லோரியிடம் இருந்ததால் ஈயான் இல்லாமலேயே எடுக்க முடிந்தது. ஒரே வருடத்தில் கானரி பாண்டும் மூர் பாண்டும் மோதினார்கள். வசூலில் முன்னால் நின்றது மூர் நடித்த 'ஆக்டோபுஸி'. அசல் நட்சத்திரமே வந்தும், மெட்டும் மணிபென்னி மேக்ஸ்வெல்லும் துப்பாக்கிக் குழலுக்குள்ளிருந்து பாண்டைப் பார்க்கும் அந்த வழக்கமான தொடக்கமும் இல்லாத படம் கொஞ்சம் அந்நியமாகத்தான் இருக்கிறது.

டால்டன், ப்ராஸ்னன்?

சுருக்கமாகச் சொல்கிறேன். 1986 இல் முடிவானவர் பியர்ஸ் ப்ராஸ்னன். நிறுத்தப்பட்டிருந்த அவருடைய டிவி தொடரை, இந்தச் செய்தியால் கிளம்பிய பரபரப்பைப் பார்த்து அமெரிக்காவின் என்பிசி டிவி மறுபடி உயிர்ப்பித்தது, வாய்ப்பு கைநழுவியது. திமோத்தி டால்டன் வந்து இரண்டு படம் நடித்தார், இறுக்கமான நல்ல பாண்ட், கொஞ்சம் முன்கூட்டியே வந்துவிட்டார். உரிமை வழக்குகளால் ஆறு வருடம் படமே இல்லை. 1995 இல் 'கோல்டன்ஐ' மூலம் ப்ராஸ்னன் வந்தார், நான்கு படம் நடித்தார்.

ப்ராஸ்னன் படங்கள் நன்றாகத்தானே ஓடின? ஏன் எல்லாவற்றையும் அழித்து எழுத வேண்டும்?

ஓடின. 2002 இல் வந்த 'டை அனதர் டே' உலகம் முழுக்க 43 கோடி டாலர் வசூலித்தது. ஆனால் கண்ணுக்குத் தெரியாமல் மறையும் காரும், கம்ப்யூட்டரில் செய்த அலையில் பாண்ட் சறுக்கி வருவதும் எல்லை தாண்டிப் போயிருந்தன. அதே வருடம் மேட் டேமன் நடித்த 'தி போர்ன் ஐடென்டிட்டி' வந்தது. அதில் உளவாளிக்கு அடி வலிக்கிறது, ஒரு பேனாவை வைத்துச் சண்டை போடுகிறான். அதைப் பார்த்த பிறகு மறையும் கார் எடுபடாது.

இன்னொரு காரணம் உரிமை. 'கேசினோ ராயல்' ஃப்ளெமிங்கின் முதல் நாவல், 1953 இல் வந்தது. அதன் உரிமை தொடக்கத்திலேயே வேறு கைக்குப் போய்விட்டது. 1967 இல் அந்தப் பெயரில் ஒரு கேலிப் படம்கூட வந்தது. 1999 இல் சோனிக்கும், பாண்ட் படங்களை வெளியிட்ட எம்ஜிஎம் ஸ்டுடியோவுக்கும் ஏற்பட்ட சமரசத்தில்தான் அது எம்ஜிஎம் கைக்கு வந்தது. பாண்டின் முதல் கதையை ஒழுங்காகப் படமாக்கும் வாய்ப்பு நாற்பது வருடம் கழித்துக் கிடைத்தால் ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவரை வைத்து எடுக்க முடியாது. முதல் கதைக்கு இளையவர் வேண்டும். ப்ராஸ்னனுக்கு இது வலித்திருக்கும், அவர் மேல் தப்பு எதுவும் இல்லை.

டேனியல் கிரெய்க்குக்கு அவ்வளவு எதிர்ப்பா?

2005 அக்டோபரில் லண்டன் தேம்ஸ் நதியில் கடற்படை வீரர்களின் படகில் கூட்டிவந்து அறிமுகப்படுத்தினார்கள். கோட்டு சூட்டுக்கு மேல் உயிர்காக்கும் சட்டை வேறு போட்டிருந்தார், பத்திரிகைகள் அதற்கே கிண்டல் செய்தன. முடி பொன்னிறம், முகம் கரடுமுரடு, உயரம் குறைவு. படத்தைப் புறக்கணிக்கச் சொல்லி ஒரு இணையதளமே தொடங்கினார்கள். படம் வெளிவருவதற்கு முன்பே! 2006 நவம்பரில் படம் வந்தது. வசூல் ஏறக்குறைய 60 கோடி டாலர், கிரெய்க்குக்கு பிரிட்டன் திரைப்பட விருதான பாஃப்டாவில் சிறந்த நடிகர் பரிந்துரை. எதிர்ப்புக் குரல் அடங்கிவிட்டது.

சரி, 'கேசினோ ராயல்' அப்படி என்ன செய்தது?

1973 இல் மூருக்காகச் செய்ததை இன்னும் துணிச்சலாகச் செய்தது. எடுத்துவிட்டதோடு நிற்காமல், எடுத்தவற்றை ஒவ்வொன்றாகச் சம்பாதிக்க வைத்தது.

படம் கறுப்பு வெள்ளையில் ப்ராக் நகரில் தொடங்குகிறது. 007 ஆக இரண்டு கொலை தேவை. முதல் கொலை ஒரு கழிவறையில், கழுவுதொட்டியில் தலையை அமுக்கி, மூச்சிரைக்க, அசிங்கமாக நடக்கிறது. இத்தனை வருடமாகப் பாண்ட் ஆட்களைக் கொன்றுவிட்டு ஒரு ஜோக் அடிப்பதையே பார்த்த நமக்கு, கொலை எவ்வளவு கஷ்டமான வேலை என்று அங்கே உறைக்கிறது. செத்ததாக நினைத்த ஆள் துப்பாக்கியை எடுக்க, பாண்ட் திரும்பிச் சுடுகிறார். எல்லாப் படத்திலும் முதலில் வரும் துப்பாக்கிக் குழல் காட்சி இந்த இடத்தில்தான் வருகிறது. அது வெறும் சம்பிரதாயமாக இல்லாமல், அவர் அந்த ஆளாக மாறிய தருணமாக ஆகிவிட்டது.

அடுத்து அந்தத் துரத்தல். முன்னால் ஓடுபவர் செபாஸ்டியன் ஃபூக்கான், சுவருக்கு மேலே இருக்கும் சின்னச் சந்தில் பூனை மாதிரி நுழைந்து போகிறார். பின்னால் வரும் பாண்ட் அந்தச் சுவரையே உடைத்துக்கொண்டு வருகிறார். இந்தப் பாண்ட் யார் என்று ஒரு வசனமும் இல்லாமல் சொல்லியாகிவிட்டது.

அந்த ஆஸ்டன் மார்ட்டின் கார் சீட்டாட்டத்தில் ஜெயித்தது. மார்ட்டினி குலுக்கவா கலக்கவா என்று பரிமாறுபவர் கேட்டால், எனக்கு அதில் அக்கறை இருப்பதாகத் தெரிகிறதா என்று எரிந்து விழுகிறார், ஆட்டத்தில் பணம் தோற்ற ஆத்திரம். விருந்துக் கோட்டை அளவெடுத்துத் தைத்து வாங்கி வருபவள், பாண்ட் காதலிக்கப்போகும் வெஸ்பர். முதலில் முறைத்துக்கொள்கிறார், பிறகு போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்று தன்னையே பார்க்கிறார். டேவிட் ஆர்னால்டின் இசை பாண்ட் மெட்டைத் தொடுவதுபோல் வந்து விலகிவிடுகிறது. இன்னும் இல்லை, கொஞ்சம் பொறு என்று.

வெஸ்பர் வெனிஸில் தண்ணீருக்குள் இறந்துபோகிறாள். கடைசிக் காட்சி ஏரிக்கரை மாளிகை. வில்லன் கூட்டத்து மிஸ்டர் வைட் காலில் குண்டடிபட்டு ஊர்ந்து போகிறார். யார் நீ என்ற கேள்விக்கு, மூன்று துண்டு சூட்டில் துப்பாக்கியோடு நிற்கும் கிரெய்க், "பாண்ட், ஜேம்ஸ் பாண்ட்" என்கிறார். அப்போதுதான் அந்த மெட்டு முழுசாக வெடிக்கிறது. லேசன்பி ஐந்தாவது நிமிடத்துக்குள் சொல்ல வேண்டியிருந்த வரியை கிரெய்க் இரண்டேகால் மணி நேரம் கழித்துச் சொல்கிறார். அதற்குள் நமக்கே அதைக் கேட்க ஆசை வந்துவிட்டது. ரீபூட் எடுக்கும் யாருக்கும் இதை விடப் பெரிய பாடம் இல்லை என்று நினைக்கிறேன்.

ஜூடி டென்ச் மட்டும் பழைய படங்களிலிருந்து வந்தது குழப்பம் இல்லையா?

கணக்குப் பார்த்தால் குழப்பம்தான். 'கோல்டன்ஐ' படத்தில் புது எம் ஆக வந்து, நீ பனிப்போர் காலத்து மிச்சம் என்று ப்ராஸ்னனைத் திட்டியவர், இதில் பனிப்போர் காலமே தேவலை என்று பெருமூச்சு விடுகிறார். ஆனால் டென்ச் நிற்கும் அறையில் புதியவர் நின்றால் நம்பிக்கை வருகிறது. இயக்குநர் மார்ட்டின் கேம்பெல்லும் 'கோல்டன்ஐ' எடுத்தவர்தான். முகம் புதிது, வேலை தெரிந்த கைகள் பழையவை.

இப்படி முயன்று தோற்ற படங்கள் உண்டா?

நிறைய. 'பிங்க் பாந்தர்' வரிசை பீட்டர் செல்லர்ஸ் இல்லாமல் எழவே முடியவில்லை. 1968 இல் ஆலன் ஆர்க்கின், பிறகு 1993 இல் ராபர்ட்டோ பெனினி என்று பார்த்தார்கள். 1980 இல் செல்லர்ஸ் இறந்த பிறகு, பழைய படங்களில் வெட்டிப்போட்ட காட்சிகளை ஒட்டி 1982 இல் ஒரு படம் விட்டார்கள். அவர் மனைவி வழக்குப் போட்டு ஜெயித்தார். அங்கே பாத்திரமே செல்லர்ஸின் உடம்பிலும் உச்சரிப்பிலும்தான் இருந்தது, எடுத்துக் கொடுக்கத் தனியாக ஒன்றும் மிஞ்சவில்லை.

'தி போர்ன் லெகசி' (2012) வேறு தவறு செய்தது. ஜெரமி ரென்னர் நல்ல நடிகர், பாத்திரமும் புதிது, ஆனால் டேமனின் புகைப்படமும் போர்ன் என்ற பெயரும் வந்துகொண்டே இருந்தன. 2016 இல் டேமனையே திரும்பக் கூட்டி வந்தார்கள். 2018 இல் வந்த 'சோலோ' படத்தில், 'ஸ்டார் வார்ஸ்' வரிசையில் ஹாரிசன் ஃபோர்ட் நடித்த ஹான் சோலோ பாத்திரத்தை ஆல்டன் எரன்ரைக் ஏற்றார். துப்பாக்கி எப்படிக் கிடைத்தது, குடும்பப் பெயர் எப்படி வந்தது என்று எல்லாவற்றுக்கும் விளக்கம் வைத்தார்கள். யாரும் கேட்காத விளக்கம்.

வென்றது எது?

'மேட் மேக்ஸ்: ஃப்யூரி ரோடு', 2015. மெல் கிப்சன் மூன்று படம் நடித்த பாத்திரத்துக்கு டாம் ஹார்டி. இயக்குநர் அதே ஜார்ஜ் மில்லர். தாடியும் சடையுமாக ஆரம்பித்து, பிடிபட்டதும் முகத்தில் இரும்பு மூடி மாட்டிவிடுகிறார்கள், வெகுநேரத்துக்கு நாயகன் முகமே சரியாகத் தெரியாது. பெயர் கேட்டால் சொல்ல மாட்டார். கடைசியில், கூடவே போராடி இப்போது சாகக் கிடக்கும் ஃப்யூரியோசாவுக்குத் தன் ரத்தத்தைக் குழாய் வழியே ஏற்றிக்கொண்டே, என் பெயர் மேக்ஸ் என்கிறார். 'கேசினோ ராயல்' செய்த அதே காத்திருப்பு. ஆறு ஆஸ்கர் வாங்கியது.

நடிகர் இறந்துபோனால்?

2020 ஆகஸ்டில் சாட்விக் போஸ்மன் இறந்தபோது 'பிளாக் பாந்தர்' குழு வேறு ஆளைப் போடவில்லை. பாத்திரமும் இறந்ததாக எழுதி, 2022 படத்தை ஒரு குடும்பத்தின் துக்கமாகவே எடுத்தார்கள். அந்த நேரத்தில் வேறு எதுவும் பொருத்தமாக இருந்திருக்காது. ஆனால் இதை எல்லோருக்கும் விதியாக்க முடியாது. நடிகர் தானாக விலகுவதும் அகாலத்தில் இறப்பதும் பார்ப்பவர் மனதில் ஒன்றல்ல.

இப்போது பாண்ட் யார் கையில்?

2021 இல் வந்த 'நோ டைம் டு டை' முடிவில் கிரெய்க்கின் பாண்ட் இறந்துவிட்டார், ஆனாலும் ஜேம்ஸ் பாண்ட் மீண்டும் வருவார் என்ற வழக்கமான வரி கடைசியில் வந்தது. 2022 இல் அமேசான் 850 கோடி டாலருக்கு எம்ஜிஎம்மை வாங்கியது. 2025 பிப்ரவரியில் ஆல்பர்ட் ப்ரக்கோலியின் மகள் பார்பரா ப்ரக்கோலியும் வளர்ப்பு மகன் மைக்கேல் ஜி. வில்சனும் படைப்புப் பொறுப்பை அமேசான் எம்ஜிஎம்மிடம் விட்டுக்கொடுத்தார்கள், உரிமையில் பங்கு வைத்துக்கொண்டு. தயாரிப்பாளர்கள் ஏமி பாஸ்கல், டேவிட் ஹேமன். இயக்குநர் டெனி வில்னுவ். எழுத்து ஸ்டீவன் நைட். அந்த அறிவிப்புகளில் நாயகன் பெயர் இல்லை.

என் கவலை நாயகன் பற்றியது அல்ல. 'டாக்டர் நோ' காலத்திலிருந்து ஒரே குடும்பத்தின் பார்வையில் இருந்த வரிசை இது. லேசன்பியை நம்பியதும், மறையும் காரை விட்டு இறங்கியதும் அந்தக் குடும்பம் எடுத்த முடிவுகள். இனி அந்த மாதிரி இடத்தில் யார் முடிவெடுப்பார்கள் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

புது ஆளுக்கும் ஆரம்பக் கதை வேண்டுமா?

வேண்டாம். அது 2006 இலேயே ஒருமுறை நன்றாகச் சொல்லியாகிவிட்டது. கிரெய்க்கின் பாண்டுக்கு வேலையில் சேர்ந்ததும் உண்டு, சாவும் உண்டு. புதியவரை ஏற்கெனவே 007 ஆக, 1973 மாதிரி ஒரு சாதாரணக் காலையில் அறிமுகம் செய்தால் போதும். கிரெய்க்கைப் பற்றி ஒரு வார்த்தையும் வேண்டாம். கிரெய்க்கின் இறுக்கத்தை அப்படியே அடுத்தவருக்கு மாட்டிவிடுவதும் வேண்டாம்.

இதையெல்லாம் புரிந்துகொள்ள எந்தப் படங்களைப் பார்க்கலாம்?

மூன்று போதும், இதே வரிசையில். 'ஆன் ஹர் மெஜஸ்டிஸ் சீக்ரெட் சர்வீஸ்', 'லிவ் அண்ட் லெட் டை', 'கேசினோ ராயல்'. இரண்டாவதில் கறுப்பின மக்களைக் காட்டியிருக்கும் விதம் இன்று உறுத்தும், அதைத் தெரிந்துகொண்டே பாருங்கள். கானரியையே பார்த்ததில்லை என்றால் இவற்றுக்கு முன்னால் 'ஃப்ரம் ரஷ்யா வித் லவ்'. ரயில் பெட்டிக்குள் நடக்கும் அந்தச் சண்டையைப் பார்த்தால், அடுத்து வந்தவர்கள் எவ்வளவு பெரிய இடத்தில் கால் வைத்தார்கள் என்று தெரியும்.